இன்னும் ஓராண்டு கேட்டேன்

இந்த ஏப்ரலில் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். கொல்கத்தாவில் எனக்கு மூன்றாண்டு முடியப்போகிறது. அடுத்து எந்த ஊர் வேண்டும் என்று மூன்று இடங்களை வரிசையாக எழுதித் தரவேண்டும். 2022 ஜூனில் ஹவுராவில் வந்து இறங்கிய நாள் முதலே நான் இந்தத் தாளுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். முதல் எட்டு மாதம் நானும் அப்படித்தான் காத்திருந்தேன். சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். படிவம் கைக்கு வந்தபோதோ, திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை என்று நிரப்பவேண்டிய கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு, இதே இடத்தில் மேலும் ஓராண்டு தொடர விரும்புகிறேன் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவே மதினி போனில் வந்துவிட்டார். "தப்பாக எழுதிவிட்டாயோ? நாளைக்கே போய்க் கேள், மாற்றித் தருவார்கள்."

"தப்பில்லை மதினி. தெரிந்துதான் எழுதினேன்."

"அங்கே ஒற்றையாகக் கிடந்து என்னதான் செய்கிறாய்?"

போனில் அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையான கவலையோடு கேட்டார். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் 'பாவம்' என்று சொல்வது அன்பினால்தான். வேலைக்காக வீட்டை விட்டுத் தனியே போகிற பெண்ணுக்கு அந்தச் சொல் வழிச்சோற்றைப் போலக் கட்டிக் கொடுக்கப்படும். நான் பாளையங்கோட்டையில் பிறந்தவள். அங்கேயே படித்து, மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஜங்ஷனில் இருந்த வங்கிக் கிளையில் வேலை பார்த்தவள். 46 வயதுவரை ஒரு வீட்டில் தனியாக ஓர் இரவு படுத்ததில்லை. பதவி உயர்வோடு கொல்கத்தா என்று உத்தரவு வந்தபோது மகன் கல்லூரி விடுதியில் இருந்தான். கணவருக்குப் பள்ளி ஆசிரியர் வேலை, ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. உயர்வை மறுத்துவிடலாம் என்று உறவில் பலரும் சொன்னார்கள். மறுக்கவேண்டாம் என்று கணவர் ஒருவர்தான் சொன்னார். ரயில் ஏற்றிவிட வந்த பதினோரு பேரில் எத்தனை பேர் 'பாவம்' சொன்னார்கள் என்று எண்ணவில்லை.

கன்னியாகுமரியிலிருந்து ஹவுராவுக்கு வாரம் ஒருமுறை ஒரு ரயில் உண்டு. அது திருநெல்வேலி வழியாகத்தான் போகிறது. இரண்டு இரவு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். கோதாவரி தாண்டியதும் தமிழ்க் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்ததும், ஒடிசாவில் மழை பிடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. வீடு தேடிய கதையைச் சுருக்கமாக விட்டுவிடுகிறேன். ஒரு தரகர் என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான். கடைசியில் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பழைய வீட்டின் மாடி கிடைத்தது. பச்சை வண்ண மரச் சட்டங்கள் வைத்த உயரமான சன்னல்கள். சிவப்பு காவித் தரை. அந்தத் தரையைப் பார்த்ததும்தான் சரி என்று சொன்னேன். பாளையங்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டு முற்றத்தைச் சுற்றியும் அதே தரைதான்.

லேக் மார்க்கெட் தென்னாட்டுக்காரர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, அரைத்துத் தரும் காப்பித்தூள், சரமாகத் தொடுத்த மல்லிகை எல்லாம் அங்கே கிடைக்கும். முதல் மாதங்களில் அந்த இரண்டு தெருக்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். அலுவலகம், மெட்ரோ, காப்பித்தூள் கடை, வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நேரம் நகரவே நகராது. அந்த நான்கு மணி நேரத்தை இன்னமும் என் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது.

அதை உடைத்தது ஆறு. என் அலுவலகம் டல்ஹௌசியில், ஹூக்ளி நதிக்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஜூலையில் ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஃபேர்லி படித்துறைக்குப் போய், சில ரூபாய்க்கு டிக்கெட் வாங்கி ஹவுராவுக்குப் போகும் படகில் ஏறினேன். அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. எதற்காக என்னை அது உறுத்தியது என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன்: அவை வடக்கே, ஹவுரா பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடல் இருப்பது தெற்கே. நதி திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் "ஜோயார்" என்றார். வேலியேற்றம். வங்கக் கடலின் ஓதம் கொல்கத்தாவையும் தாண்டி மேலே ஏறி வருகிறது. சில மணி நேரம் கழித்து அதே நீர் "பாட்டா"வாக இறங்கிப் போகிறது. சில நாட்களில் அது சுவர்போல எழுந்து வருமாம், அதற்குத் தனியாக "பான்" என்று பெயர். தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆறு என்றால் மேற்கே மலையிலிருந்து இறங்கி ஒரே திசையில் போவது. இந்த வயதில் ஆற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குப் புதிதாக ஒன்று இருந்தது. அன்றைக்கு அக்கரைக்கும் இக்கரைக்குமாக மூன்று தடவை போய்வந்தேன். வீடு திரும்பும்போது எட்டரை மணி. எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஆளில்லை என்ற நினைவு வந்தது. வழக்கமாக வயிற்றைப் பிசையும் நினைவு அது. அன்று பிசையவில்லை.

2024 மார்ச்சில் அந்த ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றைக் கடக்கும் 520 மீட்டர் சுரங்கத்தை முக்கால் நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், குழந்தைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். நல்ல வசதிதான். எனக்கு மட்டும் படகுதான் வேண்டும். மாலை வெயிலில் பாலத்தின் இரும்பு கருஞ்சிவப்பாக மாறுவதை அடியிலிருந்து பார்க்க முடியாதே. 1943-இல் திறந்த பாலம் அது. நட்டும் போல்ட்டும் இல்லாமல், தறையாணிகளால் மட்டுமே பிணைத்தது. அந்தத் தறையாணித் தலைகள் வரிசையாகத் தெரியும் தூரம்வரை படகு போகும்.

மொழியைப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதுவரை இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று இருந்தேன். குழந்தைகளின் அரிச்சுவடி ஒன்று வாங்கி, கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோனேன். 70 வயதைத் தாண்டியவர். மாஷிமா என்று கூப்பிடுவேன், நம் ஊரில் சித்தி, பெரியம்மா முறை சொல்வதுபோல. வங்காளிகளின் வாயில் 'அ' எல்லாம் 'ஒ' ஆகும், 'வ' எல்லாம் 'ப' ஆகும். வசந்தம் என்பது "பொஷொந்தொ". என் பெயரின் முதலெழுத்து 'வ' என்பதால், அலுவலகத்தில் எனக்கு வேறொரு பெயரே விழுந்துவிட்டது. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டால் இப்போது உடனே திரும்பிப் பார்க்கிறேன். ஊரில் அந்தப் பெயருக்கு ஆளில்லை.

இலக்கணத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷங்களைச் சொன்னால் மதினி சிரிப்பார். நாம் 'டீ கீ' என்கிறோமே, அவர்கள் "சா டா" என்கிறார்கள். புத்தகம் கித்தகம், "போய் டோய்". நமக்கு 'கி' வருகிற இடத்தில் அவர்களுக்கு 'ட'. ஒரு நாள் முழுக்க அலுவலகத்தில் மேசை கீசை, சாவி கீவி என்று மனத்துக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுகிறார்கள்: "ஜோல் காபோ". நலமாக இருக்கிறேன் என்பது "பாலோ ஆச்சி". ஆச்சி என்றால் எங்கள் ஊரில் பாட்டி. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் என் பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை இந்த மொழிக்குள் இழுத்துக்கொண்டது ஒரு சின்னச் சொல். முதல் மாதம் மாஷிமா வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னைப் பார்த்து "ஆஷ்சி" என்பார். வருகிறேன் என்று பொருள் என அரிச்சுவடியில் கண்டபோது குழம்பினேன். போகிறவர் ஏன் வருகிறேன் என்கிறார்? பிறகு உறைத்தது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். 'போகிறேன்' என்று சொன்னால் என் அம்மா வாயிலேயே அடிப்பாள். 2,300 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அம்மாவும் தன் பிள்ளைகளை இதற்காகக் கண்டித்து வளர்த்திருக்கிறார். அன்று மாஷிமாவிடம் இதைச் சொல்ல எனக்குப் போதுமான வங்காளம் இல்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தொட்டு விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுத ஆசை. நம் இலையில் முதலில் இனிப்பு விழும். இங்கே மதியச் சாப்பாடு கசப்பில் தொடங்குகிறது. பாகற்காயும் வாழைக்காயும் முருங்கையும் சேர்த்துச் செய்யும் சுக்தோ. வசந்த காலத்தில் கொழுந்து வேப்பிலையை வறுத்துக் கத்தரிக்காயோடு பிசைந்து முதல் கவளம். வாழைப்பூ, வாழைத்தண்டு, பூசணிப்பூ, முருங்கைப்பூ எதையும் வீணாக்குவதில்லை. கசகசாவை நாம் குருமாவில் ஒரு சிட்டிகை போடுவோம். இவர்கள் அரைத்து, உருளைக்கிழங்கில் குழம்பாகவே கூட்டிவிடுகிறார்கள். கடுகெண்ணெய் வாசனைக்கு மட்டும் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது.

மீன் சந்தையில் எனக்கு வேறு படிப்பு. தூத்துக்குடிக் கடல்மீன் தின்று வளர்ந்த நாக்கு, ஆற்றுமீனை மண் வாசனை என்று முதலில் தள்ளிவைத்தது. சந்தையில் மீன்காரர்கள் உட்கார்ந்த இடத்தில், காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீனை நறுக்கும் கருவியைப் பார்த்தேன். அரிவாள்மனையேதான், ஆனால் வாளைப்போல உயரமானது. இங்கே "போன்ட்டி" என்கிறார்கள். மாஷிமா சமையலறையிலும் சிறியது ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு அரிவாள்மனையை மிக்சி வந்த காலத்தில் பரணில் போட்டோம். இங்கே கரியாஹாட்டில் ஒன்று வாங்கி, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன். என் பாட்டிக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி உட்கார்ந்து நறுக்கியதில்லை. அது எனக்குக் கொல்கத்தாவில்தான் திரும்பக் கிடைத்தது.

பனங்கருப்பட்டி தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். டிசம்பர் வந்தால் இந்த ஊரின் மிட்டாய்க் கடைகள் நிறம் மாறுகின்றன. வெள்ளையாக இருந்த சந்தேஷ் இளம் பழுப்பாகிறது. தெருவில் புகையும் பாகும் கலந்த ஒரு வாசனை. "நோலேன் குட்", புது வெல்லம். ஈச்ச மரத்தின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. முதல் முறை அந்த வாசனையில் நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். உடன்குடிப் பக்கம் அப்பாவின் ஊர். கோடை விடுமுறையில் தேரி மணலில் ஓடி, பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கி, அதில் நுங்கைப் போட்டுக் குடித்த அதே மூக்கு.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறி ஜயநகருக்குப் போனேன். அந்த ஊரின் மோயா பெயர்பெற்றது: கனக்சூர் என்ற நெல்லின் பொரியை இந்த வெல்லத்தில் பிடித்த உருண்டை. எனக்கு மரத்தைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே பனி மூடிய வயல் வரப்பில், மரமேறுபவர் ஒருவர் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மரமேறுபவரை "ஷியூலி" என்கிறார்கள். பவழமல்லிக்கும் அதே பெயர்தான். நம் பனையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். இவர்கள் மரத்தின் உச்சிக்குக் கீழே பட்டையைச் செதுக்கி, மூங்கில் சிம்பைச் செருகி, சாயங்காலம் பானையைத் தொங்கவிடுகிறார்கள். குளிர்ந்த இரவு முழுதும் சொட்டுகிறது. வெயில் படுமுன் இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். ஓராண்டு ஒரு பக்கம், மறு ஆண்டு எதிர்ப்பக்கம் என்று வெட்டுவதால் மரம் படிக்கட்டுபோல வளைந்து வளைந்து நிற்கிறது. அந்த வெட்டுகளை எண்ணினால் அது எத்தனை குளிர்காலம் கொடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சில நாட்கள் சீவாமல் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் இறங்கும் சாறுதான் உயர்ந்தது. அதற்கென்றே "ஜிரேன்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு குவளை கொடுத்தார். பனிபோல் சில்லென்றிருந்தது. அவர் மனைவி அகலமான தட்டில் சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் ஊரிலும் இப்படித்தான், ஆனால் பனையில், கோடையில், பானைக்குச் சுண்ணாம்பு தடவுவோம், சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்போம் என்று எனக்குத் தெரிந்த அத்தனை வங்காளச் சொற்களையும் செலவழித்துச் சொன்னேன். அடுத்த குளிர்காலத்தில் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவைக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி, வெகுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, "இதில் வெயில் இருக்கிறது" என்றார். மூன்று ஆண்டுகளில் நான் கேட்ட மிக நல்ல பேச்சு அது.

அந்த ஜனவரிக்குப் பிறகு எப்போது நாட்காட்டியில் கோடு போடுவதை நிறுத்தினேன் என்று சரியாகத் தெரியவில்லை. பிப்ரவரி நடுவில் ஒருநாள் பார்த்தபோது பல நாட்கள் கோடில்லாமல் இருந்தன. ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்புக்கு மறுநாள், இங்கே பொய்லா பொய்ஷாக், வங்காளப் புத்தாண்டு. கடைக்காரர்கள் புதுக் கணக்கு தொடங்கி வாடிக்கையாளர்களுக்கு இனிப்பும் நாட்காட்டியும் கொடுக்கும் நாள். தெருமுனை மளிகைக்கடைக்காரர் எனக்கும் ஒன்று சுருட்டிக் கொடுத்தார். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன்.

தனியாக இருக்கும் சாயங்காலங்களைப் பற்றித்தான் ஊரில் எல்லோருக்கும் கவலை. அந்த நேரத்தை எனக்கு யாரும் அதற்குமுன் கொடுத்ததில்லை. பசித்தபோது சாப்பிடுகிறேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து படிக்கிறேன். சனிக்கிழமை கல்லூரித் தெருவுக்குப் போய்ப் பழைய புத்தகக் குவியல்களில் தேடுகிறேன். அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது, அங்கே தமிழ் நூல்களும் உண்டு. காலையில் ரவீந்திர சரோவரைச் சுற்றி நடக்கிறேன். 1920-களில் வெட்டிய ஏரி. பனிமூட்டத்தில் துடுப்புப் படகுகள் ஒலியில்லாமல் கிழித்துக்கொண்டு போகும். கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேடு போகும் 25-ஆம் எண் டிராமில் சும்மா ஏறி உட்கார்ந்து போயிருக்கிறேன். 1873-இல் குதிரை இழுத்த காலத்திலிருந்து இந்த ஊரில் டிராம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துப் பாதை ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, சொந்த வீட்டில் ஏதோ ஒன்றை விற்கப்போவதுபோல எனக்கு வலித்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக ஒரு நகரத்தைக் காட்டும் வண்டி வேறில்லை.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். மே மாதப் புழுக்கத்தில் மூச்சு விடுவதே வேலை. பெருமழை பெய்தால் சந்தில் முழங்காலளவு தண்ணீர். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நான் பக்கத்தில் இல்லை. கணவரும் மதினியும்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடன் என்மேல் இருக்கிறது. சில இரவுகளில் கணவரின் குரல் போனில் களைத்துக் கேட்கும்போது, நான் இங்கே மகிழ்ச்சியாக இருப்பதைச் சொல்லத் தயங்கி, வேலை அதிகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய்தான். பிறகு அவரிடமே சொன்னேன். "எனக்குத் தெரியும். உன் குரலே சொல்கிறதே" என்றார்.

2024 ஆகஸ்டில் இந்த நகரத்தில் ஒரு இளம் பெண் மருத்துவர் தான் பணிசெய்த மருத்துவமனையிலேயே வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரிலிருந்து எல்லோரும் என்னைத் திரும்பி வரச் சொன்னார்கள். 14-ஆம் தேதி இரவு பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நானும் மாஷிமாவும் போனோம். நள்ளிரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் நடுவில், மொழி சரியாக வராத நான், மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை இந்த ஊரில் எனக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று இதன் துக்கத்திலும் எனக்குப் பங்கு இருந்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் திரும்பிப் போய்விட வேண்டும் என்று தோன்றவில்லை.

அம்மா வருவதாக இருந்தது அந்த அக்டோபரில். ரத்து செய்யச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். "அவள் இருக்கிற ஊர்தானே, நான் பார்க்க வேண்டும்" என்று அண்ணனோடு கிளம்பிவிட்டாள். வயது 74. துர்க்கா பூஜை அந்த ஆண்டு துக்கத்தோடுதான் நடந்தது. ஆனாலும் டாக் மேளம் அடித்தது, தெருவுக்குத் தெரு பந்தல்கள் எழுந்தன. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய விழா என்றெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அவள் சிலைக்கு முன் நின்று, எருமைத் தலையோடு கிடந்த அசுரனை உற்றுப் பார்த்துவிட்டு, "நம் குலசை முத்தாரம்மன் கதைதானே. நாம் கடற்கரையில் செய்வோம், இவர்கள் பந்தலில் செய்கிறார்கள்" என்றாள். பாளையங்கோட்டையில் தசராவுக்குப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் அணிவகுத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். ஒவ்வொரு பந்தலிலும் அங்கே எந்த அம்மனுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

பூஜை முடிந்து சில நாளில் பௌர்ணமி. அன்று வங்காள வீடுகளில் லட்சுமி பூஜை. காலையில் மாஷிமா பச்சரிசியை அரைத்து நீர்க்கக் கரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து சிவப்புத் தரையில் ஆல்போனா போடத் தொடங்கினார். நெற்கதிர், கொடி, பிறகு உள்ளே வரும் சின்னச் சின்னப் பாதங்கள். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெல்ல இறங்கி வந்தாள். "மாக்கோலம்" என்றாள். பாதங்களைப் பார்த்ததும், "இவர்களும் கண்ணன் பாதம் வைக்கிறார்களா?" "லட்சுமி பாதம் அம்மா." மாஷிமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் துணியை நீட்டினார்.

அம்மா துணியை வாங்கவில்லை. உட்கார்ந்து, கையை மடக்கி, கிண்ணத்து மாவில் கையின் ஓரத்தைத் தோய்த்துத் தரையில் பதித்தாள். பிறகு விரல்நுனியால் ஐந்து புள்ளிகள். குழந்தைப் பாதம். கோகுலாஷ்டமிக்கு எங்கள் வீட்டில் அவள் வைக்கும் அதே பாதம். மாஷிமா "ஓ மா!" என்று வாயில் கைவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கூடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது காலை ஒருவர் வைக்க, வலது காலை மற்றவர் வைத்தார். நான் மொழிபெயர்க்க வந்து, வேலையில்லாமல் நின்றேன். நடுவில் மாஷிமா ஏதோ கேட்க, அம்மா அந்த வாரத்தில் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "பாலோ ஆச்சி."

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று மாஷிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் "வருகிறேன்" என்றாள். மாஷிமா வங்காளத்தில் "வாருங்கள்" என்றார். இரண்டு பேருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊருக்குப் போன பிறகு அம்மா என்னைப் பற்றி உறவினர்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. மதினிக்கு மட்டும், இந்த ஏப்ரலில் நான் படிவம் எழுதிக் கொடுத்த பிறகு, "அவள் அங்கே அரிவாள்மனையில் காய் நறுக்குகிறாள், போய்ப் பார்" என்று சொன்னாளாம். மதினி இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால் கணவர் வருகிறார். அரையாண்டு விடுமுறை. சனிக்கிழமை நெல்லையில் ரயில் ஏறி, இரண்டு இரவு கழித்துத் திங்கட்கிழமை ஹவுராவில் இறங்குவார். இதற்கு முன்பு இரண்டு முறை வந்தபோதும் கோடைகாலம், வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை. இந்த முறை புது வெல்லம் வந்துவிட்டது. ஜயநகரில் அந்த அம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடிக்கப் போவதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருக்கும் படித்துறைக்கு நடந்து, படகில்தான் அழைத்துவரப் போகிறேன். திங்கட்கிழமை ஏற்றம் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கொடுப்பவரிடம் நேற்றே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.